காலியான இடத்துக்கு வந்தவர்கள்: நியூ ஜெர்சியின் நூறாண்டுக் கணக்கு

நியூ ஜெர்சியில் காருக்கு பெட்ரோல் போட வண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை. இறங்கி நாமே குழாயைப் பிடிக்கவும் கூடாது, 1949-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். மற்ற மாநிலத்தார் ஜனவரிக் குளிரில் நடுங்கிக்கொண்டு தாங்களே போட்டுக்கொள்ளும்போது, இங்கே ஒருவர் சன்னலருகே வந்து நிற்பார். ஓரிகன் மாநிலத்திலும் இப்படி ஒரு தடை இருந்தது. 2023-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள். இப்போது மிச்சம் நியூ ஜெர்சி மட்டும்தான்.

சன்னலருகே வருபவர் யார் என்று பார்த்தாலே இந்த மாநிலத்தின் கதையில் பாதி தெரிந்துவிடும். நான் வழக்கமாகப் போடும் இடத்தில் இப்போது இருப்பவர் தலைப்பாகை கட்டிய ஒரு பஞ்சாபிப் பெரியவர். முதல் நாள் என்னைப் பார்த்ததும் இந்தியில் ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்த இந்தி நாலே வார்த்தை. சரி என்று இருவரும் அரைகுறை ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தோம். அவருக்கு முன்னால் அங்கே ஒரு எகிப்துக்காரர் இருந்தார், அவருக்கும் முன்னால் ஒரு துருக்கிக்காரர். குழாய் அதேதான், பிடிக்கிற கைதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

அமெரிக்காவில் வெளிநாட்டில் பிறந்தவர்களின் விகிதம் மிக அதிகமாக உள்ள மாநிலம் கலிபோர்னியா. அடுத்தது நியூயார்க்காகவோ டெக்சாஸாகவோ இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அடுத்தது நியூ ஜெர்சி. 2020 கணக்கெடுப்பில் 92 லட்சத்து 89 ஆயிரம் பேர் இருந்த இந்தச் சின்ன மாநிலத்தில், இன்று நூற்றுக்கு சுமார் 24 பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள்.

ஏன் இங்கே என்று கேட்டால் கையோடு கிடைக்கும் பதில் நியூயார்க் பக்கத்தில் இருக்கிறது என்பது. தப்பில்லை. ஆனால் நியூயார்க்குக்குப் பக்கத்தில் உள்ள எல்லா ஊருக்கும் ஆட்கள் வந்துவிடவில்லை. இன்னொரு பதில், உள்ளூர்க்காரர்களைத் தள்ளிவிட்டு வந்தவர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது. தேர்தல் சமயத்தில் அடிக்கடி காதில் விழும். அதில் நிகழ்ச்சிகளின் வரிசை தலைகீழாக இருக்கிறது. ஊர் ஊராக எடுத்துப் பார்த்தால், முதலில் பழையவர்கள் போனார்கள், கடை காலியானது, ஆலை மூடியது, அதற்கப்புறம்தான் புதியவர்கள் வந்தார்கள். நியூ ஜெர்சிக் குடியேற்றம் பெரும்பாலும் காலியான இடங்களை நிரப்பிய கதை என்பது என் கருத்து.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். 1910 கணக்கெடுப்பில் நியூ ஜெர்சியின் மக்கள்தொகை 25 லட்சத்துச் சொச்சம். அதில் 6,60,788 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், நூற்றுக்கு 26. இத்தாலியர், போலந்துக்காரர், ஹங்கேரியர், ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர்கள், அவர்களுக்கு முன்பே வந்துவிட்ட ஐரிஷ்காரர்களும் ஜெர்மானியர்களும். அறுபது வருஷம் கழித்து 1970-ல் அதே கணக்கை எடுத்தபோது வெளிநாட்டில் பிறந்தவர்கள் 6 லட்சத்து 35 ஆயிரம். எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஆனால் மாநிலம் 71 லட்சமாகப் பெருகியிருந்தது, விகிதம் 9-க்கும் கீழே இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஒரே ஏற்றம்தான்: 1990-ல் 12.5, 2000-ல் 17.5, 2010-ல் 21. ஆக, இன்றைய 24 என்பது புதிய உச்சம் இல்லை. 1910-ன் அளவை இன்னும் எட்டவில்லை. விசித்திரமான காலம் என்று சொல்வதானால் 1970-ஐத்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு எழுபதைத் தாண்டிய பல உள்ளூர்க்காரர்களின் மனதில் 'பழைய நியூ ஜெர்சி' என்று இருப்பதும் அந்த விசித்திரமான காலம்தான். தங்கள் பாட்டிகள் வாசற்படியில் உட்கார்ந்து நேப்பிள்ஸ் வட்டார மொழியில் சண்டை போட்டது அவர்களுக்குக் கொஞ்சம் மங்கிவிட்டது.

1910-ன் ஆட்கள் வந்து இறங்கிய எல்லிஸ் தீவு யாருக்குச் சொந்தம் என்பதிலேயே ஒரு வழக்கு உண்டு. 1892-ல் திறந்து 1954-ல் மூடிய அந்தக் குடியேற்ற நிலையத்தின் வழியாக ஒரு கோடியே 20 லட்சம் பேர் வந்தார்கள். எல்லோரும் அதை நியூயார்க் என்றே நினைத்தார்கள். தீவோ நியூ ஜெர்சிப் பக்கத்துத் தண்ணீரில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி மண் கொட்டி நிரப்பிய இடம். 1998-ல் உச்ச நீதிமன்றம், கொட்டி நிரப்பிய பகுதி நியூ ஜெர்சிக்கே சொந்தம், பழைய மூன்று ஏக்கர் மட்டும் நியூயார்க்குக்கு என்று தீர்ப்புச் சொன்னது. தீவிலிருந்து படகில் ஜெர்சி சிட்டிக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி நாடெங்கும் போனவர்கள் லட்சக்கணக்கில். எல்லோரும் ரயிலேறவில்லை. ஒரு பகுதியினர் பக்கத்திலேயே வேலைக்குப் போய்விட்டார்கள்.

அப்படிப் போன இடங்களில் முக்கியமானது பேட்டர்சன். 77 அடி அருவியை நம்பி, அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் யோசனைப்படி 1791-ல் தொழிலுக்கென்றே தொடங்கிய ஊர். பிற்பாடு 'பட்டு நகரம்' என்று பேர் வாங்கியது. 1913-ல் அங்கே நடந்த பட்டாலை வேலைநிறுத்தத்தில் சுமார் 25 ஆயிரம் பேர் மாதக்கணக்கில் வெளியே நின்றார்கள். பெரும்பாலோர் இத்தாலியர்களும் யூதர்களும். தோற்றார்கள். அதன் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாகப் போயின.

கதவை மூடியது 1924-ல் வந்த சட்டம். நாடு வாரியாக ஒதுக்கீடு வைத்தார்கள், தெற்கு ஐரோப்பாவுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் கொஞ்சம், ஆசியாவுக்கு ஒன்றுமே இல்லை. இந்தியாவுக்கு 1946-ல் மனம் இரங்கி வருஷத்துக்கு நூறு பேர் என்று கொடுத்தார்கள். எழுத்துப்பிழை இல்லை, நூறு பேர்தான்.

1924-க்கும் 1965-க்கும் இடைப்பட்ட அந்த நாற்பது வருஷத்தை ஒரே வரியில் 'குடியேற்றம் நின்றது' என்று எழுதிக் கடந்துவிடுவார்கள். எனக்கு இந்த மாநிலத்தின் சரித்திரத்தில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். கதவு மூடியிருந்த காலத்திலும் சந்து பொந்து வழியாக ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

தெற்கே கம்பர்லாண்ட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) சீப்ரூக் என்ற மிகப் பெரிய காய்கறிப் பண்ணை இருந்தது. காய்களைப் பறித்து உறையவைத்து அனுப்பும் தொழில். உலகப்போர் நடக்கும்போது ராணுவத்துக்குச் சாப்பாடு போக வேண்டும், வேலைக்கு ஆள் இல்லை. அதே நேரத்தில் மேற்குக் கரையில் ஜப்பானிய வம்சாவளியினரை, அமெரிக்கக் குடிமக்கள் என்றும் பாராமல், முள்வேலி முகாம்களில் அடைத்து வைத்திருந்தார்கள். 1944 முதல் அந்த முகாம்களிலிருந்து சுமார் 2,500 பேரைப் பண்ணைக்குக் கூட்டிவந்தார்கள். போர் முடிந்ததும் அதே குடியிருப்புகளுக்கு எஸ்டோனிய அகதிகளும் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்தது கல்மிக்குகள். காஸ்பியன் கடலுக்குப் பக்கத்தில் வாழ்ந்த மங்கோலிய இனத்தவர், திபெத்திய பௌத்தர்கள். போருக்குப் பிறகு ஜெர்மனியில் அகதி முகாமில் கிடந்தார்கள். அமெரிக்காவுக்கு வர விண்ணப்பித்தால், ஆசிய இனம், அனுமதி இல்லை என்று பதில். நூற்றாண்டுகளாக ஐரோப்பிய மண்ணில் வாழ்ந்தவர்கள், ஆகவே சட்டத்தின் கண்ணில் வெள்ளையர்தான் என்று 1951-ல் ஒரு முடிவு எடுத்தார்கள். கதவு திறந்தது. நியூ ஜெர்சியின் ஹோவெல் ஊரில் குடியேறி அங்கே பௌத்தக் கோயில் கட்டினார்கள். இனம் என்பது அலுவலகத்தில் போடுகிற முத்திரை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1956 இறுதியில் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் புகுந்தபோது தப்பி வந்தவர்களை அமெரிக்கா இறக்கிய இடம் கேம்ப் கில்மர் என்ற ராணுவ முகாம். போர் முடிந்து வேலையற்று நின்ற முகாம். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரியர்கள் அதன் வழியாக வந்தார்கள். சிலர் பக்கத்திலிருந்த நியூ பிரன்ஸ்விக்கிலேயே தங்கிவிட்டார்கள், அங்கே முன்பே ஹங்கேரியத் தேவாலயங்கள் இருந்தன. முகாம் இருந்த இடம் எடிசனுக்கும் பிஸ்கடவேக்கும் இடையே. இன்று தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடும்போது முதலில் கேட்கிற இரண்டு ஊர்ப் பெயர்கள்.

1965-ல் வந்த புதிய குடியேற்றச் சட்டத்தால் கதவு முறைப்படி திறந்தது. அந்தச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் அக்டோபர் 3-ஆம் தேதி கையெழுத்துப் போட்ட இடம் சுதந்திர தேவி சிலையின் காலடி. ஜெர்சி சிட்டிக் கரையில் நின்றால் சிலையின் முதுகு தெரியும். நாட்டு ஒதுக்கீடு போய், குடும்ப உறவும் தொழில் திறனும் அளவுகோலாக வந்தன. இனி வருபவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதைச் சட்டம் மாற்றியது. வந்தவர்கள் எங்கே போய்த் தங்குவார்கள் என்பதைத் தீர்மானித்தது, ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்த விதம்.

யூனியன் சிட்டியை எடுத்துக்கொள்வோம். ஹட்சன் ஆற்றின் மேட்டில், ஒண்ணேகால் சதுர மைலில் 68 ஆயிரம் பேர் வாழும் ஊர். அமெரிக்காவிலேயே மிக நெருக்கமான நகரங்களில் ஒன்று. ஒரு காலத்தில் எந்திரப் பூவேலைத் தொழிலுக்குப் பேர்போனது. ஜெர்மானியரும் சுவிஸ்காரர்களும் நடத்திய சின்னச் சின்னப் பட்டறைகள். அவர்களுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் படித்துப் புறநகருக்குப் போய்விட்டார்கள். காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தபின் தப்பி வந்த கியூபர்கள் அறுபதுகளில் அந்தப் பட்டறைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள், கொஞ்ச காலத்தில் கடைகளை வாங்கினார்கள், ஊருக்கே 'ஹட்சன் கரை ஹவானா' என்று பேர் வந்துவிட்டது. இன்று அந்தக் கியூபர்களின் பிள்ளைகளும் புறநகருக்குப் போயாகிவிட்டது. பெர்கன்லைன் அவென்யூ கடைத்தெருவில் இப்போது டொமினிகன்காரர்கள், எக்வடோர்காரர்கள், மத்திய அமெரிக்கர்கள். ஓடும் மினி பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநர் பேசுவதும் ஸ்பானிஷ்தான், ஆனால் அது வேறு நாட்டு ஸ்பானிஷ்.

நியூவார்க் இதைவிடக் கடுமையாகக் காலியான ஊர். 1950-ல் 4 லட்சத்து 38 ஆயிரம் பேர். நெடுஞ்சாலைகள் வந்தன, புறநகர் வீடுகளுக்குக் கடன் கிடைத்தது, வெள்ளையர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். போலீஸ் கொடுமையில் கொதித்து 1967 ஜூலையில் வெடித்த கலவரத்தில் 26 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு வெளியேற்றம் வெள்ளமானது. 2000-ல் எஞ்சியவர்கள் 2 லட்சத்து 73 ஆயிரம். நகரம் இப்படி வற்றிக்கொண்டிருந்தபோது கிழக்கே ஒரு மூலை மட்டும் வற்றவில்லை. சுற்றிலும் ரயில் பாதைகள் சூழ்ந்த அயர்ன்பவுண்ட் பகுதி. அங்கே போர்த்துகீசியர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கட்டட வேலை, அடுமனை, மீன்கடை, சின்ன உணவகங்கள் என்று ஃபெர்ரி தெருவை உயிரோடு வைத்திருந்தார்கள். போர்த்துகல் வசதியானதும் வரத்து குறைந்தது. அதே மொழி பேசும் பிரேசில்காரர்கள் பின்னால் வந்தார்கள், அவர்களுக்குப் பின் எக்வடோர்காரர்கள். நியூவார்க் 2020-ல் மறுபடி 3 லட்சத்தைத் தாண்டியது.

பேட்டர்சனின் பட்டாலைகள் போனபின் வாடகை மலிந்தது. அங்கே பெரு நாட்டவர் எவ்வளவு பேர் சேர்ந்தார்கள் என்றால், பெரு அரசு அந்த ஊரிலேயே தூதரக அலுவலகம் வைத்திருக்கிறது. தெற்குப் பகுதியில் சிரியரும் பாலஸ்தீனரும். இன்னொரு பக்கம் வங்கதேசத்தவர்கள் டாக்காவில் உள்ளதைப் போல மொழிப்போர்த் தியாகிகளுக்கு ஒரு சின்ன நினைவுச் சின்னமே எழுப்பியிருக்கிறார்கள். மொழிக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கு நியூ ஜெர்சிப் பூங்காவில் ஒரு தூண் நிற்பதைப் பார்க்கும்போது தமிழ் படித்த மனசு சும்மா இருப்பதில்லை.

நம்மவர்கள் கதைக்கு வருவோம். ஐஸெலினிலும் எடிசனிலும் ஓடும் ஓக் ட்ரீ ரோடு இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய இந்தியக் கடைத்தெருக்களில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே வண்டி நிறுத்த இடம் தேடியவர்களுக்குத் தெரியும், தி.நகர் ரங்கநாதன் தெரு தீபாவளிக் கூட்டத்துக்குச் சற்றும் குறையாத அனுபவம் அது. புடவைக் கடை, நகைக் கடை, சாட் கடை, தோசைக் கடை, நடுவில் பாஸ்போர்ட் புகைப்படம் எடுக்கும் கடை, வரி கட்ட உதவும் கணக்கர் அலுவலகம், மாடியில் வழக்கறிஞர். இது அத்தனையும் எண்பதுகளின் கடைசியில் வெறிச்சோடிக் கிடந்த தெரு. பக்கத்தில் பெரிய மால்கள் வந்துவிட்டன, எழுபதுகளிலிருந்தே வாடிக்கையாளர்கள் அங்கே போகத் தொடங்கிவிட்டார்கள். ஓக் ட்ரீ ரோட்டின் சிறு கடைகள் தாக்குப்பிடிக்க முடியாமல் மூடின. வாடகைக்கு ஆள் கிடைக்காத கடைகளை எடுத்தவர்கள் பெரும்பாலும் குஜராத்தி வியாபாரிகள்.

சரி, இந்தியர்கள் ஏன் எடிசனுக்கு வந்தார்கள்? மூன்று காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஐஸெலினில் 1971-ல் மெட்ரோபார்க் ரயில் நிலையம் திறந்தது. அங்கே காரை நிறுத்திவிட்டு ஏறினால் நேரே மன்ஹாட்டன். சுற்றுவட்டாரத்தில் பெல் ஆய்வகமும் தொலைபேசி நிறுவனமும் பெரிய மருந்து நிறுவனங்களும், அதாவது 1965 சட்டம் உள்ளே விட்ட பொறியாளருக்கும் வேதியியல் படித்தவருக்கும் வேலை. மூன்றாவது, வாடகைக் குடியிருப்புகள் ஏராளம், ஒரு படுக்கையறை வீட்டில் நாலு பேர் பகிர்ந்துகொண்டு தொடங்கலாம். 1990-ல் எச்-1பி விசா வந்தது. வருஷம் 2000 பிறந்ததும் கணினிகள் தேதியைக் குழப்பிக்கொள்ளும் என்ற பிரச்சினையைச் சரிசெய்யக் கணினி ஆட்களுக்கு அடித்துப்பிடித்துத் தேவை வந்தது. சென்னையிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவர்களில் எத்தனையோ பேரின் முதல் விலாசம் எடிசன்தான்.

கணக்கெடுப்பு அதை அப்படியே காட்டுகிறது. 1980-ல் மாநிலத்தில் இந்திய வம்சாவளியினர் சுமார் 30 ஆயிரம். 1990-ல் 79 ஆயிரம். 2000-ல் 1 லட்சத்து 69 ஆயிரம். 2010-ல் 2 லட்சத்து 92 ஆயிரம். 2020-ல் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

வரவேற்பு எப்போதும் இனிமையாக இருக்கவில்லை. 1987-ல் ஜெர்சி சிட்டியில் நெற்றிப் பொட்டைக் கேலி செய்யும் பெயரில் ஒரு கும்பல் கிளம்பியது. இந்தியர்களை ஊரை விட்டே துரத்துவோம் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது. ஓர் இந்திய இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார், ஒரு மருத்துவர் மூளை பாதிக்கும் அளவுக்குத் தாக்கப்பட்டார். பொட்டு வைத்துக்கொண்டு வெளியே போகப் பயந்த காலம் என்று அன்று அங்கே இருந்த அம்மாக்கள் இன்றும் சொல்வார்கள். 1990-களில் எடிசனில் நவராத்திரி ஆட்டபாட்டம் இரவு எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று தொடங்கிய தகராறு கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனது. அதே எடிசனுக்கு 2021 தேர்தலில் இந்திய வம்சாவளி மேயர் கிடைத்தார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நியூ ஜெர்சியில் ஊர், நகரம் எல்லாம் சேர்த்து 564 உள்ளாட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி மன்றம், பெரும்பாலும் தனிப் பள்ளி வாரியம். வரி கட்டுபவர்கள் இதைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் குடியேறிகளுக்கு இந்தப் பொடிப்பொடியான அமைப்பு அரசியலுக்குள் நுழையும் வாசலாக இருந்திருக்கிறது. இருபதாயிரம் பேர் வாழும் பேலிசேட்ஸ் பார்க் ஊரில் 2010-லேயே பாதிக்கு மேல் கொரிய வம்சாவளியினர். முதலில் கடைப் பலகைகள் கொரிய மொழிக்கு மாறின, அப்புறம் மன்றத்தில் இடம் கிடைத்தது, 2018-ல் மேயர் பதவி. அந்த ஊர் இருக்கும் பெர்கன் கவுண்டியில் வாக்குச்சீட்டே கொரிய மொழியிலும் வருகிறது. கூட்டாட்சிச் சட்டப்படியான உரிமை அது. கடைசியில் 2024-ல் ஆண்டி கிம், அமெரிக்க செனட்டின் முதல் கொரிய அமெரிக்கராக, இந்த மாநிலத்திலிருந்து போனார். ஜெர்சி சிட்டியில் நாற்பது இனமும் கலந்து கிடப்பதால் எந்த ஓர் இனமும் தனியாக எதையும் ஜெயிக்க முடியாது, கூட்டுச் சேர்ந்தே ஆக வேண்டும்.

இந்தக் கலப்புதான் நியூ ஜெர்சியை மற்ற மாநிலங்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் குடியேறிகள் என்றால் முதலில் நிற்பது மெக்சிகோ, மற்ற நாடுகள் வெகு தூரம் பின்னால். இங்கே முதலிடத்தில் இருக்கும் இந்தியாவுக்கே ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். அடுத்து டொமினிகன் குடியரசு, அப்புறம் மெக்சிகோ, எக்வடோர், கொலம்பியா, பிலிப்பைன்ஸ், பெரு, தென் கொரியா என்று வரிசை நீள்கிறது. மாநிலத்துக்குள்ளும் ஒரே சீராக இல்லை. ஹட்சன் கவுண்டியில் பத்தில் நாலு பேருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். எடிசன் இருக்கும் மிடில்செக்ஸில் மூன்றில் ஒருவர். தெற்கே கடலோரம் கேப் மே கவுண்டிக்குப் போனால் இருபதில் ஒருவரைத் தேடுவதே கஷ்டம். அதே தென்பகுதியில் கடலை விட்டு உள்ளே தள்ளிப் போனால், இத்தாலியர்கள் பெருமளவில் குடியேறிய ஹேமன்டன் ஊரின் புளூபெர்ரித் தோட்டங்களில் பழம் பறிப்பவர்கள் மெக்சிகோக்காரர்களும் மத்திய அமெரிக்கர்களும்தான்.

எண்களைப் படிக்கும்போது சறுக்கிவிடுகிற இடங்கள் சில உண்டு. 'வெளிநாட்டில் பிறந்தவர்' என்றால் குடியுரிமை இல்லாதவர் என்று அர்த்தம் இல்லை. நியூ ஜெர்சியில் அப்படிக் கணக்கில் வருபவர்களில் பாதிக்கு மேல் அமெரிக்கக் குடிமக்கள். நாலு லட்சத்துக்கு மேல் இருக்கும் புவெர்ட்டோ ரிக்கர்கள் ஸ்பானிஷ் பேசுவார்கள், தீவிலிருந்து விமானமேறி வந்தவர்கள் அவர்களில் நிறைய, ஆனால் 1917 முதல் பிறப்பாலேயே அமெரிக்கர்கள், இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். எடிசன் ஆஸ்பத்திரியில் பிறந்து வீட்டில் தமிழ் பேசி, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு முனகிக்கொண்டே போகிற பிள்ளையும் இதில் சேராது. மாநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறார்கள் என்ற எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுசாகும்.

இந்தியர்களின் கணக்கில் இன்னொரு சிக்கல். வேலை வழியாகக் கொடுக்கும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று சட்டம் இருக்கிறது. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. விளைவு, பதினைந்து இருபது வருஷம் வரிசையில் நிற்கிற குடும்பங்கள். வீடு வாங்கி, சொத்து வரி கட்டி, பனி பெய்தால் வாசலை வழித்துவிட்டு, பள்ளிக்கூடக் கூட்டத்தில் உட்கார்ந்து, ஆனால் ஆவணத்தில் இன்னமும் 'தற்காலிகமாக' வந்தவர்கள். பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால் அப்பாவின் வரிசையிலிருந்து வெளியே வந்துவிடும் அபாயம் வேறு. புது எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்த இரவு, வாட்ஸப் குழுக்களில் யாரும் தூங்கவில்லை.

ஆவணமே இல்லாதவர்கள் மதிப்பீடுகளின்படி 4 லட்சத்துக்கும் மேல். அவர்கள் விஷயத்தில் மாநிலம் ஒரு திசையில் மெதுவாக நகர்ந்திருக்கிறது. அவர்களின் பிள்ளைகளுக்கு மாநிலக் கல்லூரிகளில் உள்ளூர்க் கட்டணம் என்பதை 2013-ல் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் கிரிஸ் கிறிஸ்டி. 2018-ல் கல்வி உதவித்தொகையும் வந்தது. 2019 டிசம்பரில் ஆளுநர் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டத்தால், 2021 மே மாதம் முதல் ஆவணம் இல்லாதவர்களும் ஓட்டுநர் உரிமம் எடுக்க முடிகிறது. பஸ் சரியாக ஓடாத மாநிலத்தில் உரிமம் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதிர்த்திசையில், 2025 மே மாதம் நியூவார்க்கில் கூட்டாட்சி அரசுக்காகக் குடியேறிகளை அடைத்துவைக்கும் டெலனி ஹால் என்ற தடுப்பு மையம் மறுபடி திறந்தது, அதன் வாசலில் நகர மேயரே கைதானார்.

இனி, மக்கள்தொகை ஆய்வாளர்கள் இந்த மாநிலத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் விரிக்கும் கணக்கு. நியூ ஜெர்சியிலிருந்து அமெரிக்காவின் மற்ற மாநிலங்களுக்குப் போகிறவர்கள், அங்கிருந்து இங்கே வருபவர்களைவிட அதிகம். இது பல பத்தாண்டுகளாக நடக்கிறது, வருஷத்துக்குப் பல்லாயிரம் பேர். ஓய்வு பெற்றவர்கள் ஃப்ளோரிடாவுக்கு, இளம் குடும்பங்கள் பென்சில்வேனியாவுக்கும் கரோலினாக்களுக்கும். வீட்டு விலை ஒரு காரணம். சராசரி சொத்து வரி வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலரை ஒட்டி நிற்கிறது, நாட்டிலேயே அதிகம். மக்கள்தொகைப்படி இடம் ஒதுக்கும் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் அறுபதுகளில் 15 இடம் வைத்திருந்த மாநிலம், ஒவ்வொன்றாக இழந்து இன்று 12-ல் நிற்கிறது. 2020-ல் இன்னொன்றும் போகாமல் தடுத்தது வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். 2024 ஜூலை மதிப்பீட்டில் மாநில மக்கள்தொகை 95 லட்சத்தைத் தொட்டது. அந்த வருஷத்து வளர்ச்சியில் வெளிநாட்டு வரவு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல், உள்நாட்டுக் கணக்கில் வழக்கம்போல் நஷ்டம். ஓட்டைப் பானையில் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதால் மட்டம் இறங்காமல் நிற்கிறது. ஊற்றுவது குறைந்தால் ஓட்டை தானாக அடைபடாது.

அப்புறம், போகிறவர்கள் எல்லாம் 'பழைய' ஆட்கள் என்ற நினைப்பும் இப்போது செல்லாது. எங்கள் தெருவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்த தாம்பரத்துக்காரர் ஒருவர், அவர் வீட்டை ஒரு வயதான இத்தாலியத் தம்பதியிடமிருந்து வாங்கியவர், சென்ற கோடையில் வட கரோலினாவுக்கு மூட்டை கட்டினார். பையன் கல்லூரி முடித்துவிட்டான், இங்கே கட்டுகிற சொத்து வரியில் அங்கே பாதித் தவணையே கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. வீட்டைப் பார்க்க வந்த முதல் வார இறுதியிலேயே விலை முடிந்துவிட்டது. வாங்கியது குண்டூர்ப் பக்கத்து இளம் தம்பதி. பேரம் எல்லாம் முடிந்து கிளம்பும்போது அந்தப் பெண் சன்னலோரம் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியைக் காட்டி, இதையும் விட்டுவிட்டுப் போவீர்களா அங்கிள் என்று கேட்டாராம். பதினாலு குளிர்காலம் வீட்டுக்குள் தூக்கி வைத்துக் காப்பாற்றிய செடி. எப்படியும் வண்டியில் ஏறாது என்று விட்டுவிட்டுப் போனார்.